குளிருக்கான தகடு

பனிக்கட்டியை நான் நேரில் பார்த்தது ஃபிரிட்ஜுக்குள் மட்டும்தான். ஆனால் உறைபனிக் கடல்களுக்குப் போகும் கப்பல்களில் எந்த இடத்தில் எந்த ரக இரும்புத் தகடு வர வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. அதைத் திருத்துறைப்பூண்டியில், என் கணவரின் விதைநெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் மேசை போட்டுக்கொண்டு செய்துவருகிறேன். கரண்ட் இருந்தால் விசிறியோடு, இல்லாவிட்டால் வியர்வையோடு. சென்னையில் கப்பல் வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். மாமனார் போன பிறகு நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று இருவரும் ஊருக்கு வந்தோம். அலுவலகம் வேலையையும் ஒரு மடிக்கணினியையும் கூடவே அனுப்பிவிட்டது.

தெருவில் என்னைப் பற்றிப் பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள். கப்பல் படம் வரைகிறேன் என்பது ஒரு கட்சி. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறேன் என்பது இன்னொரு கட்சி. அந்தக் கட்சிக்காரர்கள் பையனின் பாஸ்போர்ட்டோடு வருவார்கள். உட்காரவைத்து, காபி கொடுத்து, இரும்பைப் பற்றிச் சொல்வேன். இரும்பில் என்ன ரகம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். விளக்கி விளக்கி எனக்கும் அலுத்துவிட்டது. இங்கே கடைசியாக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

வெயில் ஊரில் பிறந்தவர்களுக்கு இரும்பின் குணம் முழுதாகத் தெரிய வழியில்லை. நம் ஊர் இரும்பு வளையும். மேலும் வளைத்தால் இழுபடும், கோணிக்கொள்ளும், அதற்குப் பிறகுதான் முறியும். அதாவது சொல்லிவிட்டு முறியும். கடுங்குளிரில் அதே இரும்பு சொல்லாமல் முறியும். எங்கோ ஒரு மூலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருந்தால் போதும், ஒரு அலை அடிக்கிற நேரத்தில் அது தளத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடிவிடும். அதனால் ஆலையிலேயே தகட்டில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, நடுவில் கீறல் போட்டு, குளிரவைத்து, ஊசலாடும் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடிக்கிறார்கள். எவ்வளவு அடியைத் தாங்கிய பிறகு முறிந்தது என்பதுதான் கணக்கு. ஏ, பி, டி, ஈ என்று ரகங்கள். ஏ ரகத்துக்குக் குளிர்ச் சோதனை கிடையாது. பி ரகத்தைத் தண்ணீர் உறையும் குளிரில் அடிப்பார்கள், டி ரகத்தை அதற்கும் இருபது டிகிரி கீழே, ஈ ரகத்தை நாற்பது டிகிரி கீழே. நடுவில் சி எங்கே போனது என்று கேட்காதவர்கள் இல்லை. முன்பு இருந்தது, எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. எல்லோரும் கடல் நீருக்குத்தான் பயப்படுகிறார்கள். கடல் நீர் உறைகிற குளிருக்குக் கீழே போவதில்லை, நீருக்குள் முழுகியிருக்கும் அடிப்பகுதிக்குக் கடலே போர்வை மாதிரி. கெடுதல் காற்றில்தான் இருக்கிறது. நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் பக்கவாட்டுத் தகடு, மேல்தளம், சரக்கை உள்ளே இறக்கும் சரக்கறை வாயின் மூலைகள், ஆட்கள் நடக்கிற இடம் எல்லாம் அந்தக் காற்றில் நிற்கின்றன. அங்கேதான் ரகம் பார்த்துப் போட வேண்டும். போட்ட பிறகு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டி ரகமும் ஈ ரகமும் ஒரே நிறம், ஒரே எடை. தகட்டில் அடித்திருக்கும் முத்திரையும் ஆலைச் சான்றிதழும்தான் சாட்சி. பெயின்ட் அடித்தால் முத்திரையும் போய்விடும்.

எனக்கு ஒரு தம்பி. பூதலூரில் பிறந்த வீட்டில் மனைவி, மகளோடு இருக்கிறான். கப்பலில் ஃபிட்டர் வேலை. கப்பலில் இருக்கும்போது ராஜா, ஊரில் இருக்கும்போது ஒரு மாதம் ராஜா. அதற்குப் பிறகு ரேஷன் கடைக்குப் போகிறவனும், மாமனார் வீட்டு மோட்டாரைப் பழுது பார்க்கிறவனும் அவன்தான். அப்படி ஏறக்குறைய ஒரு வருடம் ஊரில் கிடந்தான். ஏஜென்ட் இன்று நாளை என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். போன் செய்யும்போதெல்லாம் அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு புதுக் கப்பலின் தகடு வரைபடம் என் மேசைக்கு வந்தது. வடக்கே குளிர்க்கடல் துறைமுகங்களுக்குச் சரக்கு ஏற்றிப் போகப்போகும் நடுத்தரக் கப்பல். கப்பல் முதலாளியின் சார்பில் கட்டுமானத்தை மேற்பார்த்தவர் கும்பகோணத்துக்காரர், சென்னையில் வீடு கட்டிக் குடியேறியவர். பேச்சுவாக்கில் என் தம்பியைப் பற்றிச் சொன்னேன். உடனே ஏஜென்டிடம் பேசி, கப்பல் முடிந்ததும் முதல் குழுவிலேயே சேர்த்துக்கொள்வதாக ஏற்பாடு செய்துகொடுத்தார். தம்பி புதுக் காலணி வாங்கிவிட்டான். அந்த மனிதரிடம் எனக்கு உண்மையாகவே நன்றி இருந்தது.

எந்தத் தகடு என்பதை முடிவு செய்ய முதலில் எந்தக் குளிர் என்று முடிவு செய்ய வேண்டும். கப்பல் போகப்போகிற கடலில் பல வருடங்களாக எடுத்த கணக்கிலிருந்து, வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சராசரிக் குளிரை எடுத்து, அதில் எது மிகக் குறைவோ அதைப் பிடித்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தால் அந்தக் கப்பலின் மேல்தள ஓரத்துக்கும் சரக்கறை மூலைகளுக்கும் ஈ ரகம் வேண்டும். ஆனால் விதியில் ஒரு சலுகை இருக்கிறது. வருடம் முழுதும் போகாமல் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் போகிற கப்பல் என்றால், அந்தப் பருவத்தின் குளிரை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். அப்போது டி ரகமே தாங்கும். இவ்வளவு பாடும் இந்த ஒரு வரியால் வந்ததுதான்.

மேற்பார்வையாளர் ஒரு முற்பகலில் கூப்பிட்டார்.

"மேடம், கப்பல் வெயில் காலத்துல மட்டுந்தான் வடக்க போகுது. சீசன்னு ஒரு நோட் போட்டுடுங்க. கப்பல் கட்டற யார்டுல டி பிளேட்டு ரெடியா கெடக்கு. ஈ-ன்னா மில்லுக்கு ஆர்டர் போட்டு, அவன் உருட்டிக் குடுத்து, அது வந்து சேர்றதுக்குள்ள மாசக்கணக்காயிடும்."

"சீசன்னா எதுலேருந்து எது வரைக்கும் சார்?"

"ஐஸ் கரைஞ்சதுலேருந்து திரும்ப உறையற வரைக்கும். அதான் சார்ட்ல இருக்கே."

"சார், உங்களுக்குக் கும்பகோணம். ஜூன்ல மேட்டூர் தெறக்கறாங்கன்னா, எங்க ஊர் வாய்க்கால்ல என்னிக்குத் தண்ணி வரும், சொல்லுங்க?"

அவர் சிரித்துவிட்டார். "எங்க வயலெல்லாம் எப்பவோ வித்தாச்சு மேடம். இப்ப எங்க வீட்டுல தண்ணின்னா லாரிதான். சீக்கிரம் முடிச்சுக் குடுங்க. உங்க தம்பியும் வேற காத்துக்கிட்டு இருக்காரு."

கடைசி வாக்கியத்தை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அங்கேயே நின்றுவிட்டது.

நான் பூதலூரில் பிறந்து திருத்துறைப்பூண்டியில் வாழ்க்கைப்பட்டவள். இதன் அர்த்தம் டெல்டாக்காரர்களுக்குத்தான் புரியும். பூதலூர் கல்லணைக்குப் பக்கம். அணை திறந்தார்கள் என்று பேப்பரில் வந்தால், அடுத்த சில நாளில் வாய்க்காலில் சலசலப்பு கேட்கும். சின்ன வயதில் தேதி என்றால் தேதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திருத்துறைப்பூண்டி கடைமடை, வாய்க்கால் போய் முடிகிற இடம். இங்கே அணை திறப்பது டிவியில் நடக்கிற விஷயம். பூத்தூவுவதைப் பார்ப்போம், அப்புறம் வாய்க்காலைப் போய்ப் பார்ப்போம், அதில் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். மேலே இருப்பவர்கள் எடுத்தது போக, முறை வைத்தது போக, உடைப்பு அடைத்தது போக, மிச்சம் என்று ஒன்று இருந்தால் எங்களுக்கு வரும். கல்யாணமான முதல் வருடம் என் கணவரிடம், தேதி சொல்லிவிட்டார்களே, ஏன் இன்னும் நாற்று விடவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அவர் பழக்கம் வேறு. அவர் மட்டுமல்ல, இந்தப் பக்கத்தில் எல்லோருமே அப்படித்தான். வீட்டில் எப்போதும் இரண்டு ரக விதை இருக்கும். தண்ணீர் நேரத்துக்கு வந்தால் நீண்ட காலப் பயிர், வராவிட்டால் குறுகிய காலப் பயிர். நீண்ட கால நெல்லில் மகசூல் அதிகம், அதைப் போடத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் தேதியை நம்பி அதை மட்டும் வாங்கி வைத்தவன் அந்த வருடம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். என் மேசைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த மூட்டைகள் அந்த இரண்டாவது ரகம். அவற்றின் மேல் கால் நீட்டிக்கொண்டு நான் 'ஐஸ் கரைஞ்சதுலேருந்து திரும்ப உறையற வரைக்கும்' என்பதைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். விதையை மாற்றிப் போடலாம். கப்பலின் தளத்தைக் கழற்றி வேறு தளம் போட முடியாது.

அடுத்த பேச்சில் அவரிடம் சொன்னேன். "சீசன் நோட் போடறேன் சார். ஆனா இன்ன தேதிக்கு மேல இந்தக் கடலுக்குப் போகக் கூடாதுன்னு கப்பலோட கையேட்டுலயும் எழுதணும். கேப்டன் நிக்கிற எடத்துல போர்டும் வைக்கணும்."

லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேன் மேடம். அதெல்லாம் எழுதினா வாடகைக்கு எவன் எடுப்பான்? ஒரு வாரம் முன்ன பின்ன ஆனா என்ன பண்றது? சரக்கு துறைமுகத்துல நிக்கும்ல?"

எனக்கு வேண்டிய பதில் அதிலேயே இருந்தது. வரைபடத்தில் வரம்பு வேண்டும், கப்பலில் வரம்பு வேண்டாம். ஒரு வாரம் முன்ன பின்ன என்பதுதான் கடைமடையின் முழுக்கதையும். அந்த ஒரு வாரத்தில் தளத்தில் ஆள் நடந்துகொண்டிருப்பான். அவன் கையில் வரைபடம் இருக்காது.

எனக்குப் பெரிய வீராங்கனை என்ற நினைப்பெல்லாம் இல்லை. உண்மையைச் சொன்னால் அன்று மிகவும் சோர்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அந்த நோட்டைப் போட்டிருந்தால் மதியம் தூங்கியிருக்கலாம். தம்பி கப்பல் ஏறியிருப்பான். சரியான காரியம் செய்யும்போது மனது லேசாகும் என்று சொல்கிறவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ தெரியாது. எனக்குத் தலைவலி வந்தது. ஈ ரகம் என்று எழுதி அனுப்பிவிட்டு, ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன்.

அதற்கப்புறம் வழக்கமான இழுபறி நடந்தது. நான் பிடித்த பிடியில் நிற்கிறேன் என்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். கப்பலுக்குச் சான்றிதழ் தருகிற அமைப்பும் அதே கேள்வியைக் கேட்டது. வரம்பு இருந்தால் சான்றிதழில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் தகட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். முதலாளி தரப்பு மூக்கால் அழுதுகொண்டே ஈ ரகத்துக்கு ஆர்டர் போட்டது. கப்பல் தள்ளிப்போனது. மேற்பார்வையாளர் அதற்குப் பிறகும் மரியாதையாகத்தான் பேசினார். தம்பியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

தம்பி ஒருநாள் பஸ் மாறி மாறி வந்து இறங்கினான். ஏஜென்ட் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. சாப்பாடு போட்டேன். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

"கப்பல் லேட்டாம்க்கா. பிளேட்டு மாத்தறாங்களாம்."

"தெரியும்டா. மாத்தச் சொன்னது நாந்தான்."

"அதுவும் சொன்னாரு." அவன் நிமிர்ந்து பார்த்தான். "டி-க்கும் ஈ-க்கும் என்னக்கா வித்தியாசம்? எங்கிட்ட ரெண்டு பிளேட்டையும் காமிச்சா நான் கண்டுபிடிப்பேனா?"

"நீ இல்ல, நானே கண்டுபிடிக்க மாட்டேன். பாத்தெல்லாம் எவனாலயும் சொல்ல முடியாதுடா. அதனாலதான் எழுதறப்பவே சரியா எழுதணும்."

"நான் போற கப்பலுன்னுதானே இவ்வளவு பாத்தே?"

அவன் கோபமாகத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் ஓர் ஆசை இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பான். என் வாய் எப்போதும் போல முந்திக்கொண்டது.

"இல்லடா. யாரு போனாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்."

"அப்ப சரி," என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். என் கணவர் சமாளிக்கப் பார்த்தார். "மாப்ள, இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்குங்க. நாங்க தண்ணிக்குப் பொறுக்கலியா?" என்றார். தம்பி சிரித்தான். "உங்களுக்கு ரெண்டாவது மூட்டை இருக்கு மாமா. எனக்கு என்ன இருக்கு?" என்றான். சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டான். அவன் போன பிறகு அந்த நொறுங்கிய அப்பளத்தைக் கொட்ட மனமில்லாமல் நானே தின்றேன்.

அவனால் பொறுக்க முடியவில்லை. யாராலும் முடியாது. வீட்டில் பெண்டாட்டி ஒன்றும் சொல்லாமல் இருப்பதே பெரிய பாரம் என்று போனில் சொன்னான். ஏஜென்ட் வேறு ஒரு கப்பல் காட்டினார். பழைய கப்பல், பல கை மாறியது. அதுவும் வடக்கேதான், அதுவும் குளிர்காலத்தில். உடனே ஆள் வேண்டும் என்றார்களாம். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? திருச்சி விமான நிலையத்தில் அவன் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, அந்தப் புதுக் காலணியைத்தான் போட்டிருந்தான்.

நான் ரகம் பார்த்துக் கொடுத்த கப்பல் இன்னும் கட்டி முடியவில்லை. அதில் ஏறப்போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு ஈ ரகத் தளம் இருக்கிறது. என் தம்பி நிற்கிற தளம் எந்தக் காலத்தில், எந்த யார்டில், யார் எழுதிக் கொடுத்துப் போட்டது என்பதும் தெரியாது. அதை எழுதியவரும் ஒரு மேசையில், தலைவலியோடு, யாரோ அவசரப்படுத்த எழுதியிருப்பார். அவர் எந்தப் பக்கம் சாய்ந்தாரோ. இந்த நினைப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அந்த வருடம் தண்ணீர் தாமதமாகத்தான் வந்தது. கணவர் இரண்டாவது மூட்டையைப் பிரித்தார். பயிர் சுமாராக வந்தது. மார்கழியில் அவர் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, என்ன குளிர் என்ன குளிர் என்று சொல்லிக்கொண்டே வயலுக்குப் போவார். நான் சிரிக்க மாட்டேன்.

தை பிறந்து சில நாள் கழித்து, ஒரு மாலையில் தம்பியிடமிருந்து வீடியோ கால் வந்தது. அங்கே மதியம். ஆனால் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது, மீதியெல்லாம் கம்பளி. அவனுக்குப் பின்னால் கம்பிகளிலும் கயிறுகளிலும் பனி தடித்துப்போய்த் தொங்கியது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு வெளியே நான் அவ்வளவு பனியைப் பார்த்ததில்லை.

"அக்கா, பாரு! பாத்தியா? மூச்சு விட்டா மீசையில ஒட்டிக்குது!"

குரல் பழையபடி பெரிதாகியிருந்தது. அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. சாப்பிட்டாயா, கையுறை இருக்கிறதா, தளத்தில் ரொம்ப நேரம் நிற்காதே என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே நடந்தான். நடக்கும்போது போன் ஆடியது, தளமும் ஆடியது. சரக்கறை வாயின் மூலை ஒன்று திரையில் வந்து போனது. என் கண் அங்கேயே போய் நின்றது. துருவும் பனியும் பல தடவை அடித்த பெயின்ட்டும் தெரிந்தன. வேறொன்றும் தெரியவில்லை.

அவன் நின்றான். காலணி முனையால் பனியை ஒதுக்கி, போனைக் கீழே காட்டினான். சிவப்புப் பெயின்ட் உரிந்த ஒரு சாண் இரும்பு.

"அக்கா," என்றான். இப்போது சிரிப்பு இல்லை. "இது டி-யா, ஈ-யா?"

கணவர் அடுப்படியிலிருந்து, யார் போனில் என்று கேட்டார். திரையில் அந்தத் தகடு அசையாமல் இருந்தது. அவன் காத்திருந்தான்.

"ஈ-தான்டா," என்றேன். "பாத்தாலே தெரியுதே."

அவன் போனைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தான். பார்த்து எவனாலும் சொல்ல முடியாது என்று இதே வாயிலிருந்து, இதே வீட்டில் உட்கார்ந்து கேட்டவன். காற்று மட்டும் இரைந்தது.

"சரிக்கா," என்றான் கடைசியில். "அப்ப தைரியமா நடக்கலாம்ல?"

"நடடா," என்றேன். "பாத்து நட."